பாய்லரடி நாற்காலி

கார்வெத் குடும்பத்தார் சுரங்கங்களில் ஊறும் தண்ணீரை இறைக்கிற நீராவி இயந்திரம் செய்து விற்றார்கள். அவர்களைவிட நன்றாகச் செய்கிறவர்கள் கார்ன்வால் சீமையில் இரண்டு பேராவது இருந்தார்கள். ஆனால் நாற்காலி வைத்திருந்தவர்கள் இவர்கள் மட்டும்தான்.

புது இயந்திரத்துக்கு முதன்முதலாக நெருப்பு மூட்டும் நாளில், கார்வெத் வீட்டு ஆள் ஒருவர் பாய்லரை ஒட்டி நாற்காலியைப் போட்டு முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிடுவார். சுரங்கத்தில் பணம் போட்ட பங்காளிகள் விருந்து சாப்பிட்டு முடிக்கும்வரை எழுந்திருக்க மாட்டார். அழுத்தம் கூடிய நீராவி என்றாலே எப்போது வெடிக்குமோ என்று அப்போது ஜனங்களுக்குப் பயம். வடக்கேயிருந்து வந்த பெரிய கம்பெனியின் ஏஜெண்ட் வேறு, "கார்வெத் பாய்லர் வாங்குறவன் சவப்பெட்டியையும் சேத்து வாங்கிக்கட்டும்" என்று சுரங்கம் சுரங்கமாகச் சொல்லித் திரிந்தான். அதற்குப் பெரியவர் ஹானிபால் கார்வெத் கண்டுபிடித்த பதில்தான் நாற்காலி. சுங்கானைப் பற்றவைத்துக்கொண்டு, கால்மேல் கால் போட்டு அவர் உட்கார்ந்திருந்த தோரணையைப் பார்த்தே பல பேர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். பெரிய கம்பெனியிடம் வக்கீல்கள் இருந்தார்கள், கொட்டிக்கொடுக்கப் பணம் இருந்தது. பாய்லரில் சாய்ந்து உட்கார ஒரு ஆள் இல்லை.

டாமரிஸ் சுரங்கத்தில் நெருப்பு மூட்டும் நாளன்று காலையில் பெரியவர் மகனைக் கூப்பிட்டார்.

"பெட்ரோக், எனக்கு இடுப்பு புடிச்சிருக்கு. இன்னிக்கு நீ உட்காரு."

பெட்ரோக்குக்கு முகமெல்லாம் பல். பக்கத்தில் நின்ற அவன் மனைவி லவ்டே சிரிக்கவில்லை.

காரணம் இருந்தது. பட்டறையில் சணல் திரித்து, கொழுப்பில் ஊறவைத்து, பிஸ்டனைச் சுற்றி அடைக்கும் வேலை அவளுடையது. போன வாரம் வெள்ளோட்டம் விட்டபோது பாய்லரின் வயிற்றுப் பக்கத்தில் இரண்டு தகடுகள் சேரும் தையல் ஒன்று கசிந்ததை அவள் பார்த்தாள். சொட்டுச் சொட்டாக அல்ல, சீறிக்கொண்டு. தகட்டை மாற்றவேண்டும் என்றால் வார்ப்படச் சாலையில் மாதக்கணக்கில் காத்துக் கிடக்கவேண்டும். அதற்குள் பங்காளிகள் பெரிய கம்பெனியிடம் போய்விடுவார்கள். பெரியவர் ஒட்டுத் தகடு ஒன்றை அடித்து, உள்ளே தண்ணீரோடு ஒரு மூட்டை ஓட்ஸ் மாவையும் கொட்டச் சொன்னார். மாவு வெந்து குழைந்து ஓட்டையில் போய் அடைத்துக்கொள்ளும். பழைய சாதுவான பாய்லர்களுக்கு எல்லாரும் செய்கிற வைத்தியம்தான் அது. இந்த அழுத்தத்துக்குக் கஞ்சியை நம்பியவர் உலகத்திலேயே அவர் ஒருத்தராகத்தான் இருக்கும்.

உண்மையில் அவரும் நம்பவில்லை, அதனால்தான் இந்த இடுப்பு வலி. லவ்டே நேரே போய்க் கேட்டாள்.

"எப்பலேருந்து மாமா இடுப்பு வலி?"

"நேத்துலேருந்து."

"நேத்து நீங்கதானே சங்கிலியைத் தூக்கி வண்டியில போட்டீங்க?"

"அதான் புடிச்சிருக்கு."

"அந்தக் கசிவு..."

"எந்த பாய்லர் கசியல? உன் சமையல் பானைகூடத்தான் கசியுது."

"என் பானையில யாரும் சாஞ்சு உட்காரல மாமா."

பெரியவர் சுற்றும்முற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "இங்க பாரும்மா. தொழில் மொத்தமும் இந்த மண்டைக்குள்ள இருக்கு. எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நாம எல்லாரும் தெருவுல நிக்கணும். அவனுக்கு ஆச்சுன்னா..."

அத்தோடு நிறுத்திக்கொண்டார். நிறுத்தியதை நாகரிகம் என்று நினைத்தாரோ என்னவோ.

லவ்டே புருஷனிடம் ஓடினாள். அவன் சட்டையை மாற்றிக்கொண்டிருந்தான், கோயிலுக்குப் போட்டுக்கொள்ளும் சட்டை.

"கசிவுதானே? நானும் பாத்தேன்," என்றான்.

"பாத்துட்டுமா உட்காரப் போறீங்க?"

"இத்தனை வருஷமா எனக்கு ஆணி எடுத்துக் குடுக்கிற வேலைதான். இன்னிக்குத்தான் அவரே கூப்பிட்டிருக்காரு."

"சுரங்கத்து கேப்டன்கிட்ட நான் சொல்லிடுறேன்."

"சொல்லு. அதுக்கப்புறம் உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்."

அவள் கேப்டனிடம் போகவில்லை. ஒரு உயிரைவிட ஒரு மூஞ்சி பெரிதாகப் போய்விட்டதே என்று நமக்குத் தோன்றும். கல்யாணமான புதிதில் அப்படித்தான் இருக்கும்.

பங்காளிகள் குதிரைகளில் வந்து இறங்கினார்கள். சுரங்கத்தை நடத்துகிற கேப்டன் யூரன் நாற்காலியைப் பார்த்துவிட்டு, "என்ன பெரியவரே, இன்னிக்குப் புள்ளையைப் பலி குடுக்கிறீரா?" என்றார்.

"என் வாரிசு அவன். என்னைவிட வெலை ஜாஸ்தி," என்றார் பெரியவர். எல்லாரும் சிரித்தார்கள். பெட்ரோக்கும் சிரித்தான்.

நெருப்பு பிடித்தது. இயந்திரத்தின் பெரிய உத்தரம் ஏற்றத் துலாவைப்போல மெல்ல எழுந்து தாழ்ந்தது. ஆழத்திலிருந்து தண்ணீர் கொட்டத் தொடங்கியதும் பங்காளிகள் கைதட்டிவிட்டு வாத்து இறைச்சி தின்னப் போய்விட்டார்கள். லவ்டே போகவில்லை. அவன் பக்கத்திலேயே நின்றாள். போகச் சொல்லிக் கண்ணைக் காட்டினான், அவள் கண்டுகொள்ளவில்லை. அவன் தோளுக்குப் பக்கத்தில் தையல் முணுமுணுத்தது. ஒரு வெந்நீர்ச் சொட்டு தெறித்துக் கழுத்தில் விழுந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் இருந்தான்.

அப்போதுதான் அவள் மாமனாரைத் தேடினாள். உத்தரத்தைத் தாங்குகிற சுவர் ஆள் நீளக் கனத்தில் கருங்கல்லால் கட்டியது. அதற்கு அந்தப் பக்கம், கையகல ஜன்னல் வழியாக வால்வைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார் ஹானிபால். ஏதோ கீழே விழுந்ததைச் சட்டென்று குனிந்து எடுத்தார். இடுப்பு வலி மறந்துபோயிருந்தது. பெட்ரோக்கும் தலையைத் திருப்பி அதைப் பார்த்தான்.

பாய்லர் தாங்கிக்கொண்டது. கஞ்சி காப்பாற்றியது என்றுதான் சொல்லவேண்டும். வயிறு நிறைந்து திரும்பிய பங்காளிகள் கையெழுத்துப் போட்டார்கள். பெரியவர் சுவரைச் சுற்றிக்கொண்டு வந்து மகனைக் கட்டிப்பிடித்து அழுதார். பொய்யாக அழுதிருந்தால்கூட லவ்டேக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் நிஜமாகவே அழுதார்.

வெயில் தாழ்வதற்குள் பெட்ரோக்கும் லவ்டேயும் வண்டியில் கிளம்பினார்கள். அவன் பேசட்டும் என்று அவள் காத்திருந்தாள். தனியாகப் போய்விடலாம் என்பான், ஒரு கொல்லுப்பட்டறை வைத்துப் பிழைத்துக்கொள்ளலாம் என்பான். சரி என்று சொல்ல வாயெடுத்தபடியே இருந்தாள்.

"அப்பா சுவருக்கு அந்தப் பக்கம் நின்னாரு," என்றான்.

"பாத்தேன்."

"பாத்ததும் வயிறு எரிஞ்சுது. அப்புறம் யோசிச்சுப் பாத்தேன். அவரு பக்கமும் நியாயம் இருக்கு. தொழில் தெரிஞ்சவன் ஒருத்தன் மிஞ்சணும்ல?"

கடிவாளத்தைச் சுண்டிவிட்டு அவனே தொடர்ந்தான்.

"அடுத்த பாய்லரை என் பொறுப்புல விட்டுட்டாரு. எனக்கு ஒண்ணு தோணுச்சு. அங்க நீ உட்காரு. நீயும் கார்வெத்துதானே. கையில பின்னல் ஊசியோட ஒரு பொம்பளை உட்கார்ந்திருந்தான்னா எவன் வாயைத் தொறப்பான்? பாக்கவே அம்சமா இருக்கும். அப்பாவும் நல்ல யோசனைன்னாரு."

லவ்டே அவன் முகத்தைப் பார்த்தாள். கெட்ட எண்ணம் எதுவும் அதில் இல்லை. அவளுக்கு ஒரு கௌரவம் வாங்கித் தந்துவிட்ட சந்தோஷம்தான் இருந்தது.

"அப்ப நீங்க எங்க நிப்பீங்க?"

தொழில் சம்பந்தமான கேள்வி என்று நினைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தான். "யாராவது ஒருத்தர் வால்வைப் பாத்துக்கணுமே," என்றான்.

அவள் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினாள். வேலி மறைவுக்குத்தான் போகிறாள் என்று நினைத்து அவன் மரியாதையாக முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைப் பாட்டு ஒன்றை முணுமுணுத்தான். பாடி முடித்துத் திரும்பியபோது, கடலோரம் அவள் அம்மா வீட்டுக்குப் போகும் பாதையில் பாதி இறக்கம் போயிருந்தாள். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். கூப்பிட்டான். அவள் நடந்துகொண்டே இருந்தாள்.