வலது பக்க ஸ்பீக்கர்

வண்டிகளில் இருக்கும் பாட்டுப்பெட்டியில் பேலன்ஸ் என்று ஒரு அமைப்பு உண்டு. சத்தத்தை இடது பக்கத்துக்கும் வலது பக்கத்துக்கும் பங்கு பிரிப்பது அதன் வேலை. தீர்த்தகிரியின் லாரியில் அது நடுவிலிருந்து வலது ஓரத்துக்கு நகர நான்கு வருஷம் ஆனது. நகர்த்தியவன் அமல்தாஸ்.

அமல்தாஸ் பாலக்கோட்டில் எரிந்துபோன மோட்டாருக்குக் கம்பிச் சுருள், அதாவது காயில், கட்டும் கடை வைத்திருக்கிறான். தீர்த்தகிரி பெங்களூருக்குத் தக்காளி லோடு அடிக்கும் டிரைவர். இருவரையும் சேர்த்தது பாட்டு. யாரும் அறியாத பாட்டுக் குழுக்களைப் போனில் தேடிப் பிடிப்பதில் இருவருக்கும் போட்டி. "நூறு பேருகூட இன்னும் பாக்கலீங்கண்ணா, நான்தான் மொதல்ல" என்று வந்து நிற்பான் அமல்தாஸ். சனிக்கிழமை லோடில் அவனும் ஏறிக்கொள்வான். விடிகாலை தக்காளியை இறக்கி, பகலெல்லாம் வண்டிக்குள் தூங்கி, ஞாயிறு சாயங்காலம் ஏதாவது ஒரு சின்ன அரங்கில் முதல் வரிசையில் நிற்பார்கள். அந்தக் கூட்டத்தில் நரைத்த தலை இவர்களுடையது மட்டும்தான்.

"வலது பக்கம் சத்தம் கம்மியா வருதுப்பா தாஸு" என்று தீர்த்தகிரி முதலில் சொன்னபோது, அமல்தாஸ் அதை ஒரு மோட்டார் கோளாறைப் போலவே அணுகினான். ஒயரைச் சோதித்தான். பேலன்ஸைக் கொஞ்சம் வலது பக்கம் தள்ளினான். அடுத்த வருஷமும் அதே குறை. டிரைவர் கதவில் இருந்த ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டுப் பெரிதாக ஒன்று மாட்டினான். இடது சீட்டில் உட்கார்ந்து அவருடைய இடது காதிலேயே பேசி வந்தவனுக்கு, வலது காது போய்க்கொண்டிருப்பது தெரியவில்லை.

போன மாதம் காது டாக்டர் சொல்லிவிட்டார். வலது காது முடிந்தது. இடது காதில் பாதிதான் மிச்சம். எண்பது டெசிபலுக்கு மேல் சத்தம் கேட்டால் அதுவும் நிற்காது. எல்லோரும் ஹாரனையும் ஜன்னல் காற்றையும் திட்டினார்கள். அமல்தாஸ் மட்டும் அந்தப் பேச்சு வந்தாலே எழுந்து போனான்.

அந்த நேரம் பார்த்து, இருவரும் முந்நூறு பார்வைகள் இருந்த காலத்திலேயே கண்டுபிடித்த ‘காட்டெருக்கு’ என்ற குழு, தர்மபுரிக்கே வந்தது. ஞாயிறு மாலை ஐந்து மணி, ஒரு கல்லூரி மைதானம்.

"முன்னாடி போலாம் வாப்பா" என்றார் தீர்த்தகிரி.

அமல்தாஸ் போனில் சத்தம் அளக்கும் ஆப்பைத் திறந்து பிடித்தான். "தொண்ணூத்தெட்டு காட்டுதுங்கண்ணா."

"ஜொரம்னு சொல்றதுக்குக்கூட அது பத்தாதே!"

அமல்தாஸ் சிரிக்கவில்லை. அவர்கள் நின்ற இடம் மேடையிலிருந்து முப்பது மீட்டர். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் ஏறக்குறைய ஆறு டெசிபல் குறையும். அறுபது மீட்டரில் தொண்ணூற்றிரண்டு. நூற்றிருபதில் எண்பத்தாறு. கணக்குச் சொல்லிக்கொண்டே அவரைப் பின்னுக்கு அழைத்துப் போனான். கேட்டில், திரும்பி வருவதற்காக இருவர் கையிலும் முத்திரை குத்தினார்கள். சாலையைக் கடந்து தக்காளித் தோட்டத்து வரப்புக்கு வந்தபோது முள் எண்பதில் நின்றது. அங்கேயும் நிற்காமல் இன்னும் பத்தடி தள்ளிப் போனான்.

மேடை தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. டிரம் அடிப்பவனின் கை கீழே இறங்கி முக்கால் நொடி கழித்துத்தான் சத்தம் வந்து சேர்ந்தது. கனத்த ஓசை மட்டுமே இவ்வளவு தூரம் தாக்குப்பிடிக்கும். மெல்லிய ஓசைகளைக் காற்று வழியிலேயே தின்றுவிடும். பாட்டின் சொற்கள் வரவேயில்லை.

அடுத்தது புதுப் பாட்டு என்று மேடையில் அறிவித்ததை அமல்தாஸ் அரைகுறையாகக் கேட்டு அவரிடம் சொன்னான்.

"இன்னும் யாருமே கேக்காததா? ஒரே பாட்டுப்பா. அஞ்சு நிமிசம்." தீர்த்தகிரி சாலையை நோக்கி நடந்தார்.

அமல்தாஸ் ஓடிப்போய்க் கையைப் பிடித்தான். "அண்ணா, அந்தக் காதை ஹாரன் கெடுக்கல. நான் கெடுத்தேன்."

அவர் திரும்பினார்.

"கம்மியா கேக்குதுன்னு நீங்க சொல்லச் சொல்ல, நான் அந்தப் பக்கமே ஏத்தி ஏத்தி வச்சேன். ஒயரைப் பாத்தேன், ஸ்பீக்கரைப் பாத்தேன். உங்க காதை ஒரு நாளும் நெனைக்கல. மிச்சம் இருக்குற காதையும் என் கண்ணு முன்னாடி தொலைச்சிடாதீங்க."

தீர்த்தகிரி சாலை ஓரத்திலிருந்து ஓரடி பின்னால் வந்தார். ஒரு பஸ் கடந்து போனது.

"அதான் ஒரு மாசமா மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கினு இருந்தியா?"

"ஆமாங்கண்ணா."

"இன்னும் வையி, இன்னும் வையின்னு கேட்டவன் நானு." அவர் தன் கையை அவனிடமிருந்து விடுவித்துக்கொண்டார். பிறகு மெதுவாக வரப்புக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தார். "நீ போ."

"வேணாங்கண்ணா."

"போப்பா. ஒருத்தனாச்சும் முன்னாடி நிக்கணும். ஒண்ணு விடாம கேட்டுக்கினு வந்து சொல்லு. சும்மா நல்லா இருந்துச்சுன்னு சொன்ன, வூட்டுக்கு நடந்துதான் வரணும்."

அமல்தாஸ் ஓடினான். முதல் வரிசையில் நின்று, வாழ்க்கையில் எந்தப் பாட்டையும் கேட்காத கவனத்தோடு அதைக் கேட்டான். வயலின் எங்கே நுழைகிறது, டிரம் எந்த வரிக்காகக் காத்திருக்கிறது, மூன்றாவது வரிக்கு முன் பாடுகிறவள் எப்படி மூச்சு வாங்குகிறாள். கை தட்டக்கூட இல்லை. முடிந்ததும் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே திரும்பினான்.

தீர்த்தகிரி மேடையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அமல்தாஸ் வந்த வேகத்தில் அவருக்கு வலது பக்கம் உட்கார்ந்து, "அண்ணா, மொதல்ல வெறும் வயலினு மட்டும்தான்" என்று ஆரம்பித்தான்.

அது வலது காது. அவர் திரும்பவில்லை.

அமல்தாஸ் எழுந்து, அவரைச் சுற்றிக்கொண்டு இடது பக்கம் போய் உட்கார்ந்தான். முதலிலிருந்து, மெதுவான குரலில், மறுபடி தொடங்கினான்.