அப்பாவுக்கென்று தனி ஜாம்

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்த மகள், பையைக் கீழே வைக்கும் முன்பே அப்பாவின் பெல்ட்டைக் கவனித்துவிட்டாள். அதில் ஆணியால் குத்திய புது ஓட்டை ஒன்று இருந்தது. இழுத்து மாட்டியதில் பெல்ட்டின் நுனி முதுகுப்பக்கம் வரை போயிருந்தது.

“ஏன்ப்பா இப்படி இளைச்சுட்டீங்க?”

“வயசாகுதில்ல, இன்ஸ்பெக்டர்.”

அவள் இன்ஸ்பெக்டர் அல்ல. ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் வேலை. எரிந்துபோன கடை தானாக எரிந்ததா, காணாமல்போன கார் உண்மையிலேயே காணாமல்போனதா என்று விசாரித்துச் சொல்ல வேண்டும். அதையே செய்து செய்து, யாராவது சௌக்கியமா என்று கேட்டால்கூட எதற்குக் கேட்கிறார் என்று யோசிக்கும் புத்தி வந்துவிட்டது. பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்ற அப்பா, மகளுக்கு வைத்த பட்டப்பெயர்தான் இன்ஸ்பெக்டர்.

அம்மா இறந்து பல வருஷம் தனியாக இருந்த அப்பா, இந்த ஏப்ரலில் இன்னொரு கல்யாணம் செய்துகொண்டார். மகள் குறுக்கே நிற்கவில்லை; சாட்சிக் கையெழுத்துகூடப் போட்டாள். ஆனால் சித்தியைப் பற்றி அவளுக்கு அதிகம் தெரியாது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் வார்டு உதவியாளராக இருந்தவர், புருஷனை இழந்தவர், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்பவர். அவ்வளவுதான்.

அன்று சமையலறையில் கால் வைக்க இடமில்லை. மேசைமேல் கொட்டை எடுத்த பிளம்ஸ், தோல் சீவிய ஆப்பிள், நூல் நூலாக நறுக்கிய ஆரஞ்சுத் தோல். கொதிநீரில் போட்டெடுத்த பாட்டில்கள் ஒரு துண்டின்மேல் கவிழ்ந்து கிடந்தன. அகலப் பாத்திரத்தில் ஜாம் தளதளவென்று கொதித்தது. தெறித்தால் தோல் வழன்றுவிடும் என்பதால் சித்தி எட்ட நின்று நீளக் கரண்டியால் கிளறினார். ஃப்ரிட்ஜில் வைத்திருந்த தட்டை எடுத்து அதில் ஒரு சொட்டு விட்டு, விரலால் கோடு கிழித்தார். கோடு உடனே மூடிக்கொண்டது.

“இன்னும் இறுகணும்” என்றார். “அக்கம்பக்கம் எல்லாருக்கும் கிறிஸ்துமஸுக்கு ஆளுக்கொரு பாட்டில். அப்பாதான் ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கார்.”

பின்னடுப்பில் சின்னப் பாத்திரம் ஒன்றில் அதே பழம் தனியாக வெந்துகொண்டிருந்தது. மகள் முகம் கழுவிவிட்டுத் திரும்பி வரும்போது, சித்தி அந்தப் பின்னடுப்பை அணைத்துவிட்டு, உள்ளங்கையிலிருந்த சிறு வெள்ளை மாத்திரைகளை இரண்டு ஸ்பூன்களுக்கு நடுவே வைத்து நசுக்கிக்கொண்டிருந்தார். தூளைப் பாத்திரத்தில் தட்டிக் கலக்கினார். மகளைப் பார்த்ததும் கை ஏப்ரன் பைக்குள் போனது.

“என்னது சித்தி அது?”

“அதுவா? ஜாம் கெட்டியாகறதுக்குப் போடறது. எல்லாரும் போடுவாங்க. கடையில விக்கிறாங்க. அது போடலைன்னா தண்ணியா நிக்கும்.”

எது கேட்டாலும் ஒரு வாக்கியத்தில் முடிக்கிறவர் இன்று நாலு வாக்கியம் பேசிவிட்டார். விசாரணையில் உட்கார்ந்த எவரும் பொய் சொல்லும்போது அப்படித்தான் நீட்டுவார்கள் என்பது மகளுக்குத் தெரியும். கெட்டியாவதற்கு என்றால் பெரிய பாத்திரத்தில் ஏன் போடவில்லை?

சின்னப் பாத்திரத்து ஜாம் மூன்று பாட்டில் வந்தது. அவற்றின் கழுத்தில் மட்டும் சிவப்பு நாடா கட்டி ஃப்ரிட்ஜின் பின்வரிசையில் வைத்தார் சித்தி. மற்றவை வெளியே அலமாரியில் இருந்தன.

மறுநாள் காலை மகள் ரொட்டியோடு சிவப்பு நாடா பாட்டிலை இழுத்தாள். சித்தி அவள் கைமேல் கைவைத்தார்.

“அது அப்பாவோடது. நீ இதை எடுத்துக்கோம்மா.”

“எனக்கு மட்டும் தனியா கவனிப்பு, பார்த்தியா?” என்று அப்பா சிரித்தார். ரொட்டி முழுக்கத் தடவித் தின்றார். சற்று நேரத்தில் நாற்காலியிலேயே தலை தொங்கிப்போனது. மகள் எதிரில் உட்கார்ந்து அவர் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு காலத்தில் பஸ் என்ஜினைக் கழற்றிப் போட்டு மாட்டிய கைகள் மடியில் செத்த மாதிரி கிடந்தன. விழித்ததும் செம்பு நிறையத் தண்ணீர் குடித்தார்.

“டாக்டர்கிட்ட போனீங்களாப்பா?”

“எதுக்கு? கல்லு மாதிரி இருக்கேன்.” அப்பாவின் பார்வை ஒரு கணம் சித்தியிடம் போய்த் திரும்பியது. சித்தி தலையைக் குனிந்து மேசையைத் துடைத்தார்.

எதிர்வீட்டுத் தையற்காரியிடம் ஜாம் கொடுக்கப் போன இடத்தில் மகளுக்கு மீதியும் கிடைத்தது. தையற்காரி பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்து நிறம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“நான் சொன்னேன்னு சொல்லிடாதே. உங்க சித்தியோட முதல் புருஷனும் இப்படித்தானாம். நல்லா இருந்த மனுஷன், இளைச்சு இளைச்சு, ஒரு நாள் படுத்தவர் எழுந்திரிக்கலையாம். உங்கப்பா சட்டையெல்லாம் எங்கிட்டதானே பிடிக்கக் கொடுக்கறார். பார்த்தா பக்குனு இருக்கு.”

மகள் பாதிப் பேச்சிலேயே கிளம்பினாள். வீட்டுக்கு வந்தவள், சித்தி குளிக்கப் போன நேரத்தில் கதவில் தொங்கிய ஏப்ரனைத் துழாவினாள். சின்ன பிளாஸ்டிக் டப்பா ஒன்று அகப்பட்டது. லேபிளைச் சுரண்டி எடுத்திருந்தார்கள். பசை மட்டும் ஒட்டியிருந்தது. ஒரு மாத்திரையைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு தெருமுனை மருந்துக்கடைக்கு ஓடினாள். கிறிஸ்துமஸ் முடியும்வரை விடுமுறை என்று எழுதிப் பூட்டியிருந்தது.

அப்பாவிடம் சொல்லலாமா? என்னவென்று சொல்வது? ஆதாரம் இல்லாமல் வாய் திறந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாதா? புதுப் பெண்டாட்டி பக்கம் நின்று, உன் உத்தியோகப் புத்தியை என் வீட்டில் காட்டாதே என்பார். அதற்குள் பாட்டிலும் காணாமல் போய்விடும்.

சித்தி தேவாலயத்துக்குப் போன மாலையில் அவள் வேலையை முடித்தாள். சிவப்பு நாடா கட்டிய பாட்டில்களில் இருந்ததைச் சுரண்டி ஒரு பைக்குள் கட்டிக் குப்பையில் போட்டாள். பாட்டில்களைக் கழுவித் துடைத்து, அலமாரியிலிருந்த ஜாமை அவற்றில் நிரப்பினாள். நாடாவை முன்பு இருந்த மாதிரியே முடிந்தாள். அப்பாவை ஒரு கண்டத்திலிருந்து இழுத்து வெளியே போட்ட நிம்மதி இருந்தது.

அடுத்த நாள் அப்பா முதல் வாயிலேயே கண்ணை மூடிக்கொண்டார்.

“இன்னைக்கு ஜாம் எவ்வளவு நல்லா இருக்கு. ஆறினதும் ருசி ஏறிடுச்சு போல.”

சித்தி கொஞ்சம் ஆச்சரியத்தோடு பார்த்தார். அவர் முகத்தையே மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா வழக்கத்துக்கு மாறாக இரண்டு ரொட்டி அதிகம் தின்றார், பழைய டிப்போ கதைகள் சொன்னார். சித்தி அந்தப் பக்கம் போனபோதெல்லாம் ஃப்ரிட்ஜைத் திறந்து ஸ்பூனால் அள்ளி வாயில் போட்டுக்கொண்டு மகளைப் பார்த்துக் கண் சிமிட்டினார். அவள் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தாள். பார்த்தாயா, ஒரே நாளில் தெளிந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டாள்.

கிறிஸ்துமஸ் அன்று மதியம் சாப்பாட்டு மேசையில் அப்பா தண்ணீர்க் குவளையை எடுக்கப் போனார். கை குவளைக்குப் பக்கத்தில் காற்றைப் பிடித்தது. காலையிலிருந்து தண்ணீரும் கழிவறையுமாக அலைந்தவர். ஏதோ சொன்னார், நாக்கு குழறி ஒன்றும் புரியவில்லை. பிறகு தின்றதையெல்லாம் வாந்தியெடுத்து, பக்கவாட்டில் சரிந்தார்.

மகள் பாய்ந்து அப்பாவைத் தாங்கினாள். “என்ன கொடுத்தீங்க இவருக்கு?” என்று சித்தியைப் பார்த்துக் கேட்டாள். சித்தி ஏற்கெனவே டாக்சிக்குப் போன் செய்துகொண்டிருந்தார்.

அவசரப் பிரிவில் இளம் டாக்டர் ஒருவர் இருந்தார். அவர் கேட்கும் முன்பே சித்தி சொல்ல ஆரம்பித்தார்.

“சர்க்கரை வியாதி, டாக்டர். ஜூன்ல கண்டுபிடிச்சது. மாத்திரை ஒழுங்கா போடறார். போன வாரம்கூட ரத்தம் பார்த்தோம், இறங்கிட்டு வருதுன்னாங்க.”

விரலில் ஊசி குத்தி அளந்த நர்ஸ் எண்ணை டாக்டரிடம் காட்டினாள். அவர் புருவம் உயர்ந்தது.

“எக்கச்சக்கமா ஏறியிருக்கு. இனிப்பு என்ன சாப்பிட்டார்?”

“ஒண்ணுமே இல்லை. ஜாம் மட்டும்தான். அதுவும் சர்க்கரையே போடாம நான் தனியா செஞ்சது. அடுப்பை அணைச்சப்புறம் இனிப்பு மாத்திரை பொடிச்சுப் போட்டேன். அது ஒத்துக்காம போச்சா, டாக்டர்? நான்தான் தப்பு பண்ணிட்டேனா?”

சுவரோரம் நின்ற மகளுக்குக் காது அடைத்தது. சொல்லாமல் இருந்துவிடலாம், யாருக்கும் தெரியாது. ஆனால் டாக்டர் சித்தியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், சித்தி தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அதுல சர்க்கரை இருந்தது, டாக்டர்” என்றாள். “நிறைய. நான் பாட்டிலை மாத்திட்டேன். ரெண்டு நாளா அதைத்தான் சாப்பிட்டார்.”

டாக்டர் அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, நரம்பில் ஊசி ஏற்றச் சொல்லிக்கொண்டே திரைக்குப் பின்னால் போனார்.

வெளியே பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். சித்தி கேட்டார்.

“மாத்திரையைப் பார்த்தியா?”

“ம்.”

“விஷம்னு நினைச்சே.”

மகள் தலையாட்டினாள்.

“உனக்குச் சொல்லக்கூடாதுன்னு உங்கப்பா சத்தியம் வாங்கிட்டார். தெரிஞ்சா நீ வேலையை விட்டுட்டு வந்து உக்காந்துடுவேன்னார். அவருக்கோ, சர்க்கரை இல்லாததுன்னு தெரிஞ்சா வாயில வைக்க மாட்டார். ஒரு தடவை தட்டையே தள்ளிவிட்டார். அதான் லேபிளைச் சுரண்டினேன். உங்கிட்ட ஒண்ணு, அவர்கிட்ட ஒண்ணுன்னு மறைச்சு மறைச்சு, கடைசியில என்னைப் பார்த்தா உனக்கு அப்படித் தோணிடுச்சு.”

“தையற்காரி வேற… உங்க முதல் வீட்டுக்காரரைப் பத்தி…”

“அவருக்கும் இதே வியாதிதான். இனிப்பை ஒளிச்சு வச்சுத் தின்னார். எனக்குத் தெரியாம போச்சு.” சித்தி புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். “அதனாலதான் இவருக்கு இவ்வளவும்.”

மகள் மன்னிப்புக் கேட்டாள். சித்தி பரவாயில்லை என்று சொல்லவில்லை. “முதல்ல அவர் எழுந்திரிக்கட்டும்” என்றார்.

அப்பா தெளிந்து வீடு திரும்பினார். நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, “ரெண்டு பேரும் சேர்ந்து என்னை ஏமாத்தியிருக்கீங்க” என்று முறைத்தார். “நீங்க மட்டும் என்ன?” என்று சித்தி கேட்டதும் வாயை மூடிக்கொண்டார். அதன்பிறகு கொடுத்ததைத் தின்றார், முணுமுணுத்துக்கொண்டே.

விடுமுறையின் மிச்ச நாட்கள் மகளுக்கு எளிதாக இருக்கவில்லை. அவள் சமையலறைக்குள் போனால் சித்தியும் ஏதோ வேலை இருப்பதுபோலப் பின்னாலேயே வந்தார். அவள் அப்பாவுக்குக் காபி கலந்தால், சித்தி ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே அனுப்பினார். சந்தேகப்படும் இடத்திலேயே உட்கார்ந்து பழகியவளுக்கு, எதிர்ப்பக்க நாற்காலி எப்படிச் சுடும் என்று அப்போதுதான் தெரிந்தது. அவள் காபியைக் கலந்து முதலில் சித்தியிடமே நீட்டினாள்.

ஊருக்குக் கிளம்பிய அன்று சித்தி பஸ் ஏற்றிவிட வந்தார். பை இருவருக்கும் நடுவில் இருந்தது.

“இனிமே எது தோணினாலும் எனக்கு போன் பண்ணிக் கேளு” என்றார் சித்தி. “எவ்வளவு அசிங்கமான கேள்வியா இருந்தாலும் சரி. அப்பாகிட்ட கேக்காதே, அவர் பொய் சொல்வார்.”

மகள் போனை எடுத்தாள். பெயரைத் தேடி, இல்லை என்று தெரிந்ததும் காது சிவந்தது.

“உங்க நம்பர் எங்கிட்ட இல்ல, சித்தி.”

சித்தி ஒவ்வொரு எண்ணாக நிதானமாகச் சொன்னார். அவள் அழுத்தி முடித்ததும் சித்தியின் கைப்பைக்குள் மணி அடித்தது. இருவரும் அதை நிறுத்தாமல் சிறிது நேரம் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.