உளுந்தளவு வெளிச்சம்

இப்போதெல்லாம் ஒரு பயலும் கண்ணால் கண்டதைச் சொல்வதில்லை என்பது மீனவர் ரோச்சின் தீராத மனத்தாங்கல். மழை வருமா என்று கேட்டால் வாசலுக்கு வந்து வானத்தைப் பார்க்காமல் செல்போனைத் தடவுகிறான். மீன் நல்ல மீனா என்று கேட்டால் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் பெட்டியில் ஒட்டிய தாளைப் படிக்கிறான். தாளில் இருந்தால் உண்டு. தாளில் இல்லையென்றால் எதிரே நிற்கிற மனுசனையே இல்லை என்று சாதித்துவிடுவான்.

அன்றைக்கும் அப்படித்தான் ஒருத்தன் வந்திருந்தான். புன்னைக்காயலில் ஆறு கடலோடு சேருகிற இடத்தில், கருங்கல் கொட்டிய தடுப்பின் நுனியில், விளக்குக் கம்பத்துக்குக் கீழே நின்றுகொண்டு செந்தூர்வேல் என்கிற அந்த இளம் இன்ஜினியர் தாளை வாசித்துக் காட்டினான். சம்பவ நேரத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. விளக்கில் பழுது இல்லை. படகை ஓட்டியவரின் கவனக்குறைவே விபத்துக்குக் காரணம்.

"வள்ளம் ஒங்க பேர்லதான பெரியவரே இருக்கு? இதுல ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா முடிஞ்சிரும்."

"என்னது முடிஞ்சிரும்?"

இன்ஜினியர் பேனாவை நீட்டினான்.

ஓட்டியவன் ரோச்சின் மகன் வளன். இரண்டு மாதத்துக்கு முன்னால், பொழுது மங்குகிற நேரத்தில் வலை வளைத்துவிட்டுத் திரும்பும்போது, வேகத்தைக் குறைக்காமல் நேராக இந்தக் கல்லில் கொண்டுவந்து ஏற்றினான். வள்ளத்தின் முன்பக்கம் அணியத்தில் உட்கார்ந்திருந்த ஜெஸ்டின் தூக்கியெறியப்பட்டுக் கல்லில் தலை மோதிச் செத்தான். ஜெஸ்டின் வேறு யாருமில்லை, வளனின் மனைவி அனிஷாவுக்குக் கூடப்பிறந்த அண்ணன். அடக்கம் முடிந்த மறுநாள் அவள் தன் தாய்வீட்டுக்குப் போனவள்தான். ரோச் கூப்பிடப் போனபோது வாசற்படியில் நின்றே பேசினாள். "வெளக்கு எரிஞ்சிக்கிட்டுதான் இருந்துச்சாம். ஆபீசர்மாரே சொல்லுதாங்க. ஒங்க மவன் கண்ண எங்க வச்சிருந்தாரு மாமா?"

ரோச்சும் அதையேதான் மகனிடம் கேட்டிருந்தார், அதைவிடக் கேவலமாக. வளன் திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னான்: "இன்னும் தூரம் கெடக்குன்னு நெனச்சேம்ப்பா." குடித்திருந்தானோ என்று அவன் வாயை முகர்ந்துகூடப் பார்த்தார். பெற்ற மகனையும் சட்டென்று நம்புகிற ஆள் இல்லை அவர். பிறகு மூன்று சாயங்காலம் யாருக்கும் சொல்லாமல் தனியாக வள்ளத்தை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போய், கரையைப் பார்த்தபடி நின்றார். அப்போதுதான் மகன் சொன்னது விளங்கியது. அன்றிலிருந்து அவருக்கு இருந்த ஆத்திரமெல்லாம் இந்தக் கம்பத்தின்மேல் திரும்பிவிட்டது.

"தம்பி, இந்த வெளக்க மாட்டும்போது என்ன சொன்னிய? ஞாவகம் இருக்கா?"

"அம்பதாயிரம் மணி நேரம் எரியும்னோம். ராத்திரி மட்டும்னா பதினோரு வருசத்துக்கு மேல வரும்."

"மாட்டி ரெண்டு வருசம் ஆவல. இது பதினோரு வருசம் எரியும்னு யாரு இருந்து பாத்தது?"

செந்தூர்வேல் பொறுமையாகத்தான் சொன்னான். அத்தனை வருசம் யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை. சோதனைச்சாலையில் அடுப்பு மாதிரி ஒரு பெட்டி இருக்கும். அதற்குள் எண்பத்தைந்து டிகிரி சூட்டில் எல்.இ.டி.யை எட்டு மாதம் போல எரியவிடுவார்கள். சூட்டில் சீக்கிரம் வயசாகும். ஒளி எவ்வளவு குறைகிறதென்று அளந்து, மிச்ச வருசங்களைக் கணக்குப் போட்டுக்கொள்வார்கள்.

ரோச் அவனை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப என் பேரன ரெண்டு நாளு அடுப்புல ஒக்கார வச்சா எனக்கு அண்ணனாயிருவானா?"

செந்தூர்வேலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கிழவர் சிரிக்காததைப் பார்த்து அடக்கிக்கொண்டான்.

"ஒங்க அடுப்புல உப்புக்காத்து அடிச்சுதா? தண்ணி வத்துனா இந்தச் சேத்துல ஒரு நாத்தம் எந்திரிக்குமே, அத உள்ள விட்டுப் பாத்தியளா?"

"அதுக்குத் தனி டெஸ்ட் இருக்கு. நம்ம லைட்டுக்கு டெண்டர்ல அத கேக்கல. ஆனா வெளக்கு இப்பவும் எரியத்தான செய்யுது? அணைஞ்சிருந்தாத்தான் பழுதுன்னு எழுத முடியும்."

"வாரும்" என்றார் ரோச். "வள்ளத்துல ஏறும்."

இன்ஜினியர் தயங்கினான். மிதவைச் சட்டை கேட்டான். ரோச் வள்ளத்தில் கிடந்த தன்னுடையதை எடுத்துக் கொடுத்துவிட்டு இன்ஜினை இழுத்தார். சூரியன் இறங்கி, தண்ணீரின் நிறம் போய்க்கொண்டிருந்தது. தடுப்பைச் சுற்றிக் கடலுக்குள் நல்ல தூரம் போனபிறகு இன்ஜினை அணைத்து, கரைப் பக்கமாகத் திருப்பினார். கரையே கறுத்த கோடாகிவிட்டது. அதில் இரண்டு வெளிச்சம் மட்டும் தனியாகத் தெரிந்தது.

"ஒண்ணு ஒங்க கல்லு வெளக்கு. இன்னொண்ணு கோயில் கோபுரத்து வெளக்கு. எது கிட்ட இருக்கு, சொல்லும்."

செந்தூர்வேல் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். இடப்பக்கம் பளிச்சென்று நின்றதைக் காட்டினான்.

"அது கோயிலு. கல்லுக்குப் பின்னால அரக் கிலோமீட்டர்."

அவன் நீட்டிய விரலை மடக்கிக்கொண்டு, இரண்டு வெளிச்சத்தையும் மறுபடி பார்த்தான்.

ரோச் பேச ஆரம்பித்தார். இந்த ஊர்க்காரனுக்குப் பொழுது மங்கினால் தூரத்துக்கு அளவுகோல் கிடையாது. விளக்குத்தான் அளவு. கடுகளவு தெரிந்தால் வலையைச் சரிபண்ணிக்கொண்டு வரலாம். உளுந்தளவு ஆனால் எல்லாரும் எழுந்து உட்கார வேண்டும். புன்னைக்கொட்டை அளவு ஆனதும் இன்ஜினைக் குறைத்துவிட வேண்டும். புதிதாக மாட்டியபோது இதுவும் அந்தக் கணக்குக்குச் சரியாகத்தான் நின்றது. பிறகு தினம் ஒரு பொட்டாகக் கரைந்திருக்கிறது. தினம் பார்க்கிறவனுக்கு அது தெரியவில்லை. ஒரே நாளில் அணைந்திருந்தால் ஊரே கூச்சல் போட்டிருக்கும், வளனும் எட்டியே நின்றிருப்பான்.

"உளுந்தளவுதான் தெரிஞ்சிருக்கு அவனுக்கு. எந்திரிச்சி ஒக்காருங்கன்னு சொல்லப் போனவன் கல்லுல ஏறிட்டான். அணைஞ்ச வெளக்கு யாரையும் கொல்லாது தம்பி. இது பொய் சொல்லிக்கிட்டே எரிஞ்சிருக்கு."

கல்லில் அலை அடிக்கிற சத்தம் கேட்டது. அலை தங்களை அந்தப் பக்கமாகவே ஒதுக்கிக்கொண்டு போவது செந்தூர்வேலுக்கு அப்போதுதான் உறைத்தது. "அண்ணாச்சி, இன்ஜின போடுங்க" என்றான்.

கரைக்கு வந்ததும் அவன் ஏணி வைத்து ஏறி, கருவியால் ஒளியை அளந்தான். புதிதில் இருந்ததில் கால்வாசிகூட இல்லை. விளக்கைக் கழற்றி இறக்கி, கண்ணாடியைத் திறந்தான். உள்ளே பொட்டுப் பொட்டாக இருந்த எல்.இ.டி.யெல்லாம் விளிம்பில் கறுத்திருந்தது. கறுத்தது மெல்லிய வெள்ளிப்பூச்சு, வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவதற்காகப் பூசுவது என்று சொன்னான்.

"வெள்ளியா?" ரோச்சுக்கு ஆத்திரம் நெற்றிக்கு ஏறியது. "இந்தக் கரையில எந்த வீட்டுப் பொம்பளகிட்ட வேணாலும் கேளும். வெள்ளிச் செபமாலைய ஒரு மாசம் தொடைக்காம வச்சா இந்தச் சேத்து நாத்தத்துக்கே கரிக்கட்டையாயிரும். சின்னப்புள்ளைக்கித் தெரியும். அத இந்தச் சேத்துக்கு மேல தொங்கவிட்டு, பதினோரு வருசம்னு தாளுல எழுதுனவன் யாரு? அவன் இங்கன வந்து ஒரு நாளு நின்னானா?"

"நின்னிருக்க மாட்டாங்க" என்றான் செந்தூர்வேல், தரையைப் பார்த்தபடி.

பிறகு தாளைத் தொடைமேல் வைத்து ஓரத்தில் பேனாவால் எழுதினான். வாசிக்கச் சொன்னார் ரோச். விளக்கின் ஒளி கால்வாசிக்கும் கீழே குறைந்திருந்தது, கடலிலிருந்து நானே பார்த்தேன் என்று இருந்தது. இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். வாசித்தான்.

"சரி. மேல என் மவன் கவனக்குறைவுன்னு கெடக்கே, அத அடியும்."

"அத அடிக்க எனக்கு அதிகாரம் இல்ல அண்ணாச்சி. பக்கத்துல எழுதத்தான் முடியும். மேலதிகாரி ரெண்டையும் பாத்து முடிவு பண்ணுவாரு."

"அப்ப எங்கூட வாரும். மருமவகிட்ட ஒரு வார்த்த, பாத்தேன்னு ஒம்ம வாயால சொல்லும்."

செந்தூர்வேல் தாளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். "விசாரண முடியாம வெளிய பேசக்கூடாது. வேல போயிரும்."

"வேல போயிரும்" என்று ரோச் மெல்லத் திருப்பிச் சொன்னார். செந்தூர்வேல் எதற்கும் இருக்கட்டுமென்று கொண்டுவந்திருந்த புது விளக்கை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்து, ஏணியில் ஏறி மாட்டினான். கல், தண்ணீர், சேறு எல்லாம் சுண்ணாம்பு அடித்தது போல வெளுத்தது. தடுப்பில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர் ஓவென்று சத்தம் போட்டார்கள்.

"இது புது மாடல் அண்ணாச்சி. நல்லா டெஸ்ட் பண்ணுனது."

"அடுப்புலயா?"

அவன் தாளையும் பேனாவையும் நீட்டினான். ரோச் வாங்கவில்லை. "ஓரத்துல எழுதுனதயும் அவங்க அடுப்புல வச்சிப் பாக்கட்டும். என்ன மிஞ்சுதுன்னு பாத்துட்டுக் கையெழுத்துப் போடுதேன்" என்று சொல்லிவிட்டுக் கல்லிலிருந்து மணலில் இறங்கினார்.

அண்ணாச்சி, அண்ணாச்சி என்று பின்னால் குரல் கேட்டது. அவர் திரும்பவில்லை. அனிஷாவின் தாய்வீடு இருக்கிற தெருவைப் பார்த்து நடந்தார். புது வெளிச்சம் முதுகில் அடிக்க, நிழல் அவருக்கு முன்னால் பனைமர நீளத்துக்கு மணலில் விழுந்து கிடந்தது. கரிக்கோடு இழுத்தது போல அவ்வளவு கறுப்பு. நாலு எட்டுக்கு ஒருதரம் நின்று அதைக் குனிந்து பார்த்தார். நடக்க நடக்க அது வெளிறிக்கொண்டே போனது.