முதலாளி தரப்பில் லோகேஸ்வரி

1

இந்தக் கதை எனக்கு வேலை செய்யும் இடத்தில் கிடைத்தது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு தனியார் கல்லூரியின் இணைய விவாத மன்றத்தைப் பராமரிக்கிறேன். படித்தது வேதியியல், சட்டம் தெரியாது. வணிகச் சட்ட மாணவர்கள் அங்கே பெயர் போடாமல் கேள்வி கேட்கலாம். என் திரையில் மட்டும் பெயர் தெரியும்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘கிள்ளானில் மழை பெய்துகொண்டிருந்த ஒரு’

(மழைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.)

கேள்வி இதுதான். ‘அ’ என்பவர் ஓர் அழகு நிலையத்தில் வேலை செய்தார். விலகினால் இரண்டு ஆண்டுகளுக்குக் கிள்ளான் வட்டாரத்தில் சொந்தக் கடை திறப்பதில்லை என்று கையெழுத்திட்டிருக்கிறார். இப்போது திறக்கலாமா?

கேட்டவள் லோகேஸ்வரி. ‘அ’ அவளுடைய அம்மா தனலெட்சுமி என்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

3

விரிவுரையாளர் லியனார்ட் சாருக்குக் கேள்வி பிடித்துவிட்டது. அதையே அந்த வார விவாதமாக்கி, வகுப்பை இரண்டாகப் பிரித்தார். லோகேஸ்வரிக்கு விழுந்தது முதலாளி தரப்பு. விவாதத்தில் சொந்தப் பெயரில் எழுத வேண்டும்; தரப்பு மாறினால் மதிப்பெண் இல்லை.

(இவரைக் கெட்டவராக்கிப் பார்த்தேன். வரவில்லை. பிள்ளைகள் வாய் திறக்க வேண்டுமென்று ஏங்குகிற மனிதர்.)

மன்றத்தில் ஆங்கிலம்தான். தமிழில் பேசவைப்பது நான்.

கென்னத்: “சைன் போடறப்ப அந்த ஆன்டி கண்ண மூடிக்கிட்டா இருந்தாங்க? முடிஞ்சது லா!”

அமுதவள்ளி: “நீ மொதல்ல நோட்ஸ தெறந்து பாரு, பாஸ்.”

லோகேஸ்வரி நீளமாக எழுதினாள். கையெழுத்து என்பது வாக்கு. வாடிக்கையாளர்கள் முதலாளி உழைத்துச் சேர்த்தவர்கள். ‘இந்த வாரத்தின் சிறந்த பதிவு’ என்று சார் பாராட்டினார்.

4

மறுநாள் என் மேசைக்கு வந்தாள்.

“அக்கா, என் போஸ்ட்ட அழிச்சிருங்க.”

“ஏன்?”

“சார் பாராட்டுனது போன்ல வந்துச்சி. அம்மா படிச்சிட்டாங்க. ‘நீயே இவ்ளோ தெளிவா எழுதியிருக்கியே, நான் பழைய எடத்துக்கே போறேன்’ங்கறாங்க. கிள்ளான் பக்கத்துல, மேருல கடை பார்த்து வெச்சிருக்கு. நாளைக்குப் போயி வேணாம்னு சொல்லப் போறாங்க.”

“பாடத்துக்காக எழுதுனேன்னு சொல்லு.”

“சொன்னேன்க்கா. தொழில் செய்ய விடாம தடுக்கற ஒப்பந்தம் செல்லாது, ஒப்பந்தச் சட்டத்துல செக்‌ஷன் 28 இருக்குன்னும் சொன்னேன். ஆறுதலுக்குச் சொல்றேன்னு சிரிக்கிறாங்க. அழிச்சா மட்டும் பத்தாது, அதுவும் எழுத்துல இருந்தாத்தான் நம்புவாங்க.”

“பேர் போடாம எழுதேன்.”

“யாரோ சொல்றத நம்பி கடை தெறப்பாங்களா? என் பேர் இருக்கணும்.”

எதிர்த்தரப்புக்கு எழுதியதில் அவள் பெயர் இருந்தால் மதிப்பெண் போகும். உதவித்தொகை அந்த மதிப்பெண்ணில் நிற்கிறது.

“சார்கிட்ட பேசலாமே?”

“பேசுனா ‘அ’ யாருன்னு சொல்லணும். கண்ண மூடிக்கிட்டு சைன் போட்ட ஆன்டி எங்கம்மான்னா?”

5

முடிவு ஒன்று: கடை திறக்கிறது. முதல் ஆளாகக் கென்னத்தின் அம்மா வந்து உட்காருகிறார். (அடித்துவிட்டேன். இனிப்பு அதிகம்.)

முடிவு இரண்டு: லோகேஸ்வரி ஒன்றும் எழுதவில்லை. நன்றாகத் தேறுகிறாள். அம்மா பழைய இடத்தில், பழைய நாற்காலிக்குப் பின்னால் நின்று, யாருடைய புருவத்தையோ

(இதை என்னால் முடிக்க முடியவில்லை.)

6

என் நாற்காலியை அவளுக்குக் கொடுத்தேன். செக்‌ஷன் 28 பற்றித் தெளிவாக எழுதினாள். பெயரைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் விரல் நின்றது.

“நீங்களா இருந்தா என்னாக்கா செய்வீங்க?”

நான் கதைகளைக்கூட என் பெயரில் அனுப்பாதவள். என்னிடமா கேட்பது?

அந்தக் கேள்வியை உங்களிடம் தருகிறேன். பதிவு இன்னும் போகவில்லை. அம்மா மேருவுக்குப் புறப்படுமுன் அவளுக்கு ஏதாவது சொல்லுங்கள்.