ஜெயராணி ஆறாவது எபிசோடில் மூழ்கினாள்

அந்தத் தொடரின் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் வழக்குப் போடுவார்கள். அப்படி யாரும் என்னிடம் சொல்லவில்லை, எனக்கே தெரியும். பெரிய கம்பெனிக்காரர்கள். உடம்போடு ஒட்டிய வெள்ளி நிறச் சட்டை போட்டுக்கொண்டு ஒருவன் பறப்பான். மொத்தம் எட்டு எபிசோடு. மாதச் சந்தா கட்டி டிவியிலோ போனிலோ பார்க்க வேண்டும். இவ்வளவு சொன்னால் போதும்.

என் மருமகன் யோகராஜ், போர்ட் பிளேருக்குப் பக்கத்தில் வண்டூரில் படகு ஓட்டுகிறான். டூரிஸ்டுகளைத் தீவுக்கு ஏற்றிப்போய்ப் பவளப்பாறை காட்டித் திரும்பக் கொண்டுவந்து இறக்குவது வேலை. படகின் பெயர் 'ஜெயராணி'. அது என் மகளின் பெயர். கல்யாணமான புதிதில் வைத்தான். அப்போது நானும் சந்தோஷப்பட்டேன்.

போன வருஷம் சீசன் மந்தம். கடல் தாண்டி மெயின்லேண்டிலிருந்து வந்த சிலர் வெள்ளை வெளேரென்று புதுப் படகுகள் வாங்கி விட்டிருந்தார்கள். ஏஜெண்டுகள் ஆட்களை அங்கேயே அனுப்பினார்கள். யோகராஜ் படகுத்துறை ஜெட்டியில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த நேரத்தில்தான் அஸ்வின் வந்து சேர்ந்தான். சென்னைப் பையன், கையில் இரண்டு போன், தலையில் தொப்பி. ஷூட்டிங்குக்கு இடம் பார்க்கிறவன்.

"அண்ணே, ஒரு போட் வேணும். அப்படியே கடல்ல தத்தளிக்கிற ஒரு ஆளும் வேணும். நீங்களே பண்ணிடுங்க."

பக்கத்தில் நின்ற நான் கேட்டேன். "இந்தக் கடல்ல விழுந்தவங்க எத்தன பேர இவரு தூக்கி விட்டுருக்காரு. காப்பாத்துற வேசத்த குடுங்களேன்."

"அது ஹீரோங்க ஐயா."

"அவருக்கு நீச்சல் தெரியுமா?"

"பறக்கத் தெரியும்ங்க."

யோகராஜ் உடனே ஒப்புக்கொண்டான். ஒரே ஒரு நிபந்தனை போட்டான். படகின் பெயர் படத்தில் பளிச்சென்று தெரிய வேண்டும். நாடு முழுக்கப் பார்க்கிற தொடர், பெயர் தெரிந்தால் சீசனில் ஆட்கள் தேடிக்கொண்டு வருவார்கள் என்பது அவன் கணக்கு. அஸ்வின் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினான். அப்படிக் குலுக்குகிறவர்களை நான் நம்புவதில்லை.

மறுநாளே பெயிண்ட் வாங்கி வந்தான். தமிழ், ஹிந்தி, இங்கிலீஷ் என்று மூன்று பாஷையில், படகின் இரண்டு பக்கமும், மஞ்சள் மேல் சிவப்பாக எழுதினான்.

"மாப்புள, கதையில படகு என்னா ஆகுதுன்னு கேட்டீங்களா?" என்றேன்.

"கதைய வெளிய சொல்ல மாட்டாங்களாம் மாமா. சீக்ரெட்."

"அப்ப நமக்கு வேணாம்."

"உங்களுக்கு ரேசன் அரிசி மேலயும் சந்தேகந்தான். விடுங்க மாமா."

விட்டேன்.

வண்டூர்க் கடலில் முதலை நடமாட்டம் உண்டு. அதனால் குளிக்கிற இடத்தைச் சுற்றி வலை கட்டியிருக்கும். அந்த வலைக்குள்ளேயே யோகராஜை மூழ்கச் சொன்னார்கள். பின்னால் பச்சைத் துணி, மற்றதைக் கம்ப்யூட்டரில் சேர்த்துக்கொள்வார்களாம். ஹீரோ கிரேன் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தார். ஷூட்டிங் முடியும்வரை அவர் கட்டைவிரல் நனையவில்லை. உடுப்பு கெட்டுவிடுமாம்.

பிரச்சினை யோகராஜால்தான் வந்தது. அவன் உடம்பு மூழ்க மறுத்தது. தள்ளிவிட்டால் தக்கை மாதிரி மேலே வந்து நின்றான். டைரக்டர் ஹிந்தியில் கத்தினார். அஸ்வின் இடுப்பளவு தண்ணீரில் நின்று மன்றாடினான்.

"அண்ணே, கைய ஆட்டுங்க. காப்பாத்துங்கன்னு ஹிந்தியில 'பச்சாவ் பச்சாவ்'னு அலறுங்க."

"தம்பி, முங்குறவன் சத்தம் போட மாட்டான். பேசாம உள்ள போயிருவான்."

"பேசாம போனா பாக்குறவனுக்கு எப்பிடிண்ணே தெரியும்?"

 யோகராஜ் கையை ஆட்டி அலறினான். எல்லோரும் கை தட்டினார்கள்.

அதன்பிறகு மாதக்கணக்காக ஒரு தகவலும் இல்லை. மழைக்காலம் போனது. சீசன் தொடங்குகிற நேரம் பார்த்துத் தொடரை விட்டார்கள்.

எங்கள் பகுதியில் பெரிய டிவியும் நல்ல நெட்டும் ஜெகநாதன் வீட்டில்தான். மதுரைக்காரர், ஜெட்டி ரோட்டில் மளிகைக் கடை. முன்பெல்லாம் மெயின்லேண்டுக்குக் கப்பலேறுகிறவர்களிடம் ஹார்ட் டிஸ்க் கொடுத்து, படங்களை நிரப்பி வரச் சொல்லி மாதக்கணக்கில் காத்திருப்போம். கடலுக்கு அடியில் கேபிள் வந்த பிறகு அந்தத் தொல்லை போய்விட்டது, வேண்டாததும் வீடு தேடி வருகிறது. படகு எந்த எபிசோடில் வரும் என்று கேட்கலாம் என்றால் அஸ்வின் போனை எடுக்கவில்லை. ஆகவே, நடுவில் தள்ளி ஓட்டிவிட்டால் படகும் ஓடிவிடும் என்று பயந்து, முதலிலிருந்து உட்கார்ந்தோம். நான், என் மனைவி ரெங்கம்மா, ஜெயராணி, யோகராஜ், அக்கம்பக்கத்தார் என்று கூடம் நிறைந்திருந்தது.

பொய் சொல்ல மாட்டேன், முதல் எபிசோடு நன்றாக இருந்தது. ஹீரோவின் அம்மா மீன் விற்கிறவள். சினிமாவில் அம்மாக்களுக்கு அழத்தான் நேரம் தருவார்கள். இதில் அந்த அம்மாள் நிதானமாக மீன் வெட்டினாள். செதில் தெறித்துக் கன்னத்தில் ஒட்டியது, முழங்கையால் துடைத்துக்கொண்டாள். எட்டு எபிசோடு இருப்பதால் இப்படிப்பட்டதற்கெல்லாம் இடம் கிடைக்கிறது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

இரண்டாவதில் வில்லன் வந்தான். துறைமுகம் கட்ட நிலத்தைப் பறிகொடுத்த ஆள். யாரிடம் மனு கொடுத்தான், எவன் விரட்டினான் என்று எல்லாவற்றையும் காட்டினார்கள். கடைசியில் அவன் கிரேனைக் கவிழ்த்தபோது நான் கை தட்டிவிட்டேன்.

"யோவ் முருகையா, அவன் வில்லன்யா!" என்றார் ஜெகநாதன்.

"அவன் சொல்றதுல என்னா தப்பு? அந்தப் பறக்குறவன் யாருக்காவது மனு எழுதிக் குடுத்தானா?"

மூன்றாவதில் ஆரம்பித்தது வினை. ஹீரோ ராத்திரி மொட்டை மாடியில் நின்று "நான் யார்?" என்று கேட்டான். நான்காவதிலும் அதே மாடி, அதே கேள்வி, கூட மழை. இரண்டு எபிசோடில் அரை எபிசோடு சரக்குதான் இருந்தது. இட்லி மாவில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போன மாதிரி. பக்கத்து வீட்டார் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

"பறக்கத் தெரிஞ்சவன் ஏன் மாடியிலயே நிக்கிறான்?" என்று ரெங்கம்மா கேட்டாள்.

ஐந்தாவதில், செத்து எரிக்கப்பட்ட ஹீரோவின் தங்கை பறந்துகொண்டு திரும்பி வந்தாள். இரண்டாவதில் அந்தப் பிள்ளை செத்தபோது ஜெயராணி மூக்கைச் சிந்தி அழுதிருந்தாள்.

"அப்ப நான் அழுதது?" என்றாள்.

"கணக்குல வராது," என்றார் ஜெகநாதன்.

ஆறாவதில் அலை வந்தது. வானம் உயரத்துக்குச் சுவர் மாதிரி நின்றது. ஹீரோ ஒற்றைக் கையை நீட்டி அதைத் தடுத்தான். ரெங்கம்மா சட்டென்று எழுந்தாள். "அடுப்புல பால் இருக்கு" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். அது ஜெகநாதன் வீடு, எந்த அடுப்பிலும் பால் இல்லை. கச்சால் தீவில் சுனாமித் தண்ணீர் வந்த அன்று நானும் அவளும் அங்கேதான் இருந்தோம். அன்று கடல் முதலில் பின்னால் போனது. பிறகு கறுப்பாக வந்தது. யாரும் கையை நீட்டவில்லை. நானும் எழுந்து போயிருப்பேன். என் மகள் பெயர் வரப்போகிறதே என்று உட்கார்ந்திருந்தேன்.

வந்தது. திரை முழுக்க 'ஜெயராணி'. மூன்று பாஷை, இரண்டு பக்கம். அஸ்வின் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டான். ஒவ்வொரு எழுத்தையும் காட்டிவிட்டுப் படகை அப்பளம் மாதிரி இரண்டாக உடைத்தார்கள். அதிலிருந்து யோகராஜ் விழுந்து "பச்சாவ்! பச்சாவ்!" என்று கதறினான். ஹீரோ மேலிருந்து வந்து பூனைக்குட்டியைத் தூக்குகிற மாதிரி அவன் காலரைப் பிடித்துத் தூக்கினான்.

 ஜெகநாதன்தான் முதலில் வாய் திறந்தார்.

"பேரு நல்லாத் தெரிஞ்சுச்சுப்பா."

அந்த வாரமே போன் வர ஆரம்பித்தது. போர்ட் பிளேரிலிருந்து ஒரு ஏஜெண்டு, படகை ரிப்பேர் பண்ணியாச்சா என்று விசாரித்தான். "அரே பாய், அது கம்ப்யூட்டர்!" என்று யோகராஜ் தொண்டை வறளக் கத்தினான். ஏஜெண்டு பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, வேறு படகுக்கு ஆள் அனுப்பினான். ஜெட்டியில் படகுகள் முறை வைத்துப் போகும். எங்கள் முறை வந்ததும், பெயரைப் படித்த குடும்பங்கள் பிள்ளைகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டன. அடுத்த படகில் போகிறோம் என்றார்கள். படகோட்டியின் முகத்தைப் பார்த்ததும் இன்னும் இரண்டடி பின்னால் போனார்கள். தண்ணீரில் கிடந்து அலறியவனை நம்பி யார் கடலுக்குப் போவார்கள்? சீசன் போனால் அடுத்த மழைக்காலம் முடியும்வரை வீட்டில் அடுப்பு எரிவது கஷ்டம்.

யோகராஜ் சுரண்டுகிற தகடும் வெள்ளைப் பெயிண்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினான். வாசலில் ஜெயராணி மறித்தாள்.

"எங்க போறீங்க?"

"பேர அழிக்கப் போறேன். வேற பேரு வெக்கலாம்."

"மூணு பாஷையில எழுதுனப்ப என்னிட்ட கேட்டீங்களா?"

"ஜெயா, ஒரு ஆளும் ஏற மாட்டேங்குது. வெளங்குதா?"

"ஊரே என்னய பாத்து, என்னா கரையேறிட்டியான்னு சிரிக்குது. இப்ப அழிச்சீங்கன்னா நெசமாவே முங்குனதா ஆயிரும். அந்த டப்பாவ வையுங்க."

அவன் என்னைப் பார்த்தான். நான் அண்ணாந்து மேகம் பார்த்தேன். படகில் பெயர் அப்படியே இருந்தது.

மிச்சமிருந்த இரண்டு எபிசோடையும் நான் மட்டும் போய்ப் பார்த்தேன். தூக்கிப் போன ஆளை ஹீரோ எங்கே இறக்கினான், படகு உடைந்த பிறகு அந்த ஆள் எப்படிப் பிழைத்தான் என்று தெரிய வேண்டியிருந்தது. அதைக் காட்டவே இல்லை. மொட்டை மாடிக்கு அவ்வளவு நேரம் இருந்தவர்களுக்கு இதற்கு ஒரு நிமிஷம் இல்லை. ஊரையே இடித்துச் சண்டை போட்டார்கள். கல்லையும் மண்ணையும் யார் அள்ளினார்கள் என்றும் காட்டவில்லை. கடைசியில் இருட்டில் எவனோ சிரித்தான். அதற்கு அர்த்தம் தொடருக்கு இன்னொரு சீசன் உண்டாம், ஜெகநாதன் விளக்கினார்.

சாப்பாட்டுக்கே வழி தேட ஆரம்பித்த நேரத்தில், ஒரு காலையில் புனேயிலிருந்து பையன்கள் கூட்டமாக வந்தார்கள். கையில் போனை வைத்துக்கொண்டு படகையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஒருவன் யோகராஜைக் கண்டுவிட்டுக் குதித்தான்.

"அரே, யஹீ ஹை! டூப்னேவாலா!"

மூழ்குகிறவன் இவன்தான் என்று சந்தோஷப்பட்டு, போட்டி போட்டுக்கொண்டு ஏறினார்கள். நானும் கயிறு பிடிக்கக் கூடப் போனேன். தீவு நெருங்கும்போது அவர்களில் கனமான ஒருவன், போட்டோவுக்கு இடைஞ்சல் என்று லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றிப் போட்டான். யோகராஜ் சொல்லச் சொல்லக் கேட்காமல் முனையில் ஏறி, ஹீரோ மாதிரி கையை விரித்து நின்றான். ஒரு சின்ன அலைதான். ஆள் உள்ளே.

அவன் கத்தவில்லை. பேசாமல்தான் போனான். யோகராஜ் சட்டையோடு குதித்து, காலரைப் பிடித்து மேலே கொண்டுவந்தான். மற்றவர்கள் அவ்வளவையும் போனில் பிடித்துக்கொண்டு கை தட்டினார்கள். இதுவும் டிக்கெட்டோடு சேர்ந்தது என்று நினைத்தார்கள் போல. படகில் போட்டதும் அந்த ஆள் தண்ணீரைத் துப்பிவிட்டு, தொடரில் உனக்கு நீச்சல் தெரியாதே என்று ஹிந்தியில் கேட்டான்.

"அதுக்கப்புறம் சீக் லியா சார்," என்றான் யோகராஜ். கற்றுக்கொண்டானாம்.

அந்த வீடியோவை நெட்டில் போட்டார்கள். லட்சம் பேர் பார்த்தார்களாம். அதே நடிகர், நடிப்பு முன்னைக்குப் பரவாயில்லை, ஆனால் தண்ணீர் நிஜம் மாதிரி இல்லை என்று கீழே எழுதியிருந்தார்கள். ஜெயராணி எனக்குப் படித்துக் காட்டினாள்.

இப்போது படகில் இடமில்லை. ஏஜெண்டுகள் போன் போட்டு 'மூழ்கும் படகு' வேண்டும் என்று கேட்கிறார்கள். வெள்ளைப் படகுக்காரர்கள் பல்லைக் கடிக்கிறார்கள். யோகராஜோடு நின்று போட்டோ எடுக்கிறவர்கள், ஒரு தடவை அலறிக் காட்டச் சொல்கிறார்கள். அலறுகிறான். வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிடுகிறான். பெயரை மட்டும் மாசத்துக்கு ஒருமுறை ஜெயராணியே போய் நின்று பெயிண்ட் அடிக்க வைக்கிறாள்.

ஒன்றை மட்டும் நானே கண்ணால் பார்த்துச் சொல்கிறேன். முன்பெல்லாம் ஜாக்கெட் போடுங்கள் என்று யோகராஜ் தொண்டை கிழியக் கத்துவான், ஒருவரும் கேட்க மாட்டார்கள். இப்போது ஏறுகிறவர்கள் அவன் முகத்தைப் பார்த்ததும் தாங்களாகவே எடுத்து மாட்டிக்கொள்கிறார்கள். திரும்பி இறங்கும்வரை ஒருவர்கூடக் கழற்றுவதில்லை.

நேற்று கோயம்புத்தூர்க்கார அம்மா ஒருத்தி, சின்னப் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு ஜெட்டியில் என்னிடம் வந்தாள்.

"ஏனுங்க ஐயா, அந்த போட்டுக்காரருக்கு நெசமாவே நீச்சல் தெரியாதுங்களா?"

யோகராஜ் அங்கே கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் காதில் விழுந்தது. திரும்பி என்னைப் பார்த்தான்.

"தெரியாதும்மா," என்றேன். "புள்ளைக்கு ஜாக்கெட்ட நல்லா இறுக்கிக் கட்டுங்க."

அவள் வாரை இன்னும் ஒரு இழுப்பு இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே பெண்ணோடு ஏறினாள்.