பொய் சொல்லாத புதன்கிழமை

1

இந்தக் கதை என் குடலில் தொடங்கியது. தலையில் தொடங்கும் கதைகளைப் படித்தே பழகியிருப்பீர்கள், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்தபடி எழுதுகிறேன்.

முதல் தொடக்கம்: என் வயிற்றில் குடையளவு காளான் ஒன்று முளைத்தது. மழைக்கு நர்ஸுகள் எல்லாரும் அதன் அடியில்...

வேண்டாம். மனைவி தோள்வழியே எட்டிப் படிக்கிறாள்.

"குடையா? கண்ணுக்கே தெரியாத பூஞ்சைன்னுல்ல டாக்டர் சொன்னாரு?"

"சரி, சின்னக் குடைன்னு மாத்திக்கிறேன்."

2

உண்மை இது. (ருசி குறைவாகத்தான் இருக்கும்.) போன வருஷம் மனைவி எனக்கு ஒரு கிட்னி கொடுத்தாள். வந்த விருந்தாளியை உடம்பு விரட்டிவிடக் கூடாதே என்று, உடம்பின் காவல்காரர்களைத் தூங்கவைக்க மாத்திரை கொடுத்தார்கள். அவர்கள் குறட்டை விட்ட நேரத்தில் பூஞ்சை உள்ளே புகுந்து குடலை அரிக்கத் தொடங்கியது. வயிற்று வலியோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். மாத்திரையின் வேலை என்றார் டாக்டர். நானும் தலையாட்டினேன்.

3

என்னைக் கதாநாயகனாக வைத்து எழுதிய பக்கங்களைக் கிழித்துவிட்டேன். புதன்கிழமை முழுக்க நான் செய்தது சுருண்டு கிடந்தது மட்டுமே. மறுநாள் காலை மனைவி டாக்டரை வராந்தாவில் மறித்தாள்.

"இவரை இப்பவே ஸ்கேன் பண்ணுங்க டாக்டர்."

"ஏம்மா, காய்ச்சல்கூட இல்லையே?"

"நேத்து முழுக்க ஒரு பொய்கூடச் சொல்லலை. என்ன வேலை பார்த்தீங்கன்னு நர்ஸம்மா கேட்டாங்க. 'குமாஸ்தா'ன்னு சொல்லிட்டாரு! திமிங்கலத்துக்குப் பல் விளக்கினேன்னுதானே சொல்லுவாரு?"

டாக்டர் சிரித்தார். சிரித்துக்கொண்டே வந்து என் வயிற்றை அழுத்தினார். பலகை மாதிரி இருந்தது. சிரிப்பு நின்றது.

அன்றைக்கே ஒரு முழம் குடலை வெட்டி எடுத்தார்கள். (பத்து முழம் என்று எழுதியிருந்தேன். அடித்துத் திருத்தியது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.) வெட்டிய துண்டில் பூஞ்சை குடும்பம் நடத்திக்கொண்டிருந்ததாம். எஞ்சியிருக்கும் பூஞ்சைக்கு நரம்பு வழியே மருந்து சொட்டுகிறது.

4

முதல் முடிவு: தையல் பிரிந்து, நான்... (பிறகு யார் எழுதுவதாம்? அடித்தாயிற்று.)

இரண்டாவது: நூற்றிருபது வயது வரை...

"ஐயோ, நான் என்ன பாவம் பண்ணினேன்?"

சரி, நடப்பதையே எழுதுகிறேன். அறுவை சிகிச்சைக்குப் பிறகு இன்றுதான் முதல்முதலாக வாய்வழியே சாப்பாடு. இந்தச் சூப்பைக் குடல் ஏற்றுக்கொண்டால் வீட்டுக்கு. தையல் கசிந்தால் மறுபடியும் கத்திக்கு. நாளைக்குத்தான் தெரியும் என்கிறார் டாக்டர். மனைவி முதல் கரண்டியை ஊட்டுகிறாள்.

"எப்படி இருக்கு?"

"இதே சூப்பை ஒரு ராஜா வீட்டுக் கல்யாணத்துல குடிச்சிருக்கேன். யானைதான் பரிமாறிச்சு."

அவள் பெருமூச்சு விட்டு நாற்காலியில் சாய்கிறாள். பிறகு கைப்பையைத் திறந்து வீட்டுச் சாவியைத் தேடுகிறாள்.

அவள் தன் முடிவை எழுதிவிட்டாள். டாக்டர் தன்னுடையதை நாளை எழுதுவார். உங்களுடையதை இதன் கீழே நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு நேரமில்லை, சூப் ஆறுகிறது.