விடுதிச் சொத்து

அந்தக் கோட்டில் எல்லாப் பட்டன்களும் வேறு வேறு நிறம் என்று இத்தனை காலமாகச் சொல்லி வருகிறேன். இப்போது சந்தேகமாக இருக்கிறது. பாதி நிறங்கள் நானே சேர்த்தவையாக இருக்கலாம். கோட் மட்டும் நிஜம்.

அதற்கு முன் எனக்கும் கொக்குக்கும் இருந்தது ஒரே லேப் கோட். கொக்கு என்பது நண்பனுக்கு உயரத்துக்காக வைத்த பெயர். அந்த ஒரு கோட்டுக்காகவே வேதியியல் ஆய்வகத்தில் இருவரும் வெவ்வேறு பிரிவில் சேர்ந்திருந்தோம். நான் கழற்றிக்கொண்டே வெளியே வருவேன். அவன் மாட்டிக்கொண்டே உள்ளே போவான்.

செய்முறைத் தேர்வன்று காலை அறிவிப்புப் பலகையைப் பார்த்தால், இரண்டு பிரிவுக்கும் ஒரே நேரம், ஒரே கூடம். கோட் இல்லாதவனை உள்ளே விட மாட்டார்கள். தேறாதவனுக்குக் கட்டணச் சலுகை போய்விடும். சலுகை போனால் எங்களுக்குக் கல்லூரியே போனது மாதிரி. இரவல் கேட்கவும் வழியில்லை. விடுதியில் எங்கள் வரிசை முழுக்க வேதியியல்காரர்கள். காசு சுண்டினோம். கோட் எனக்கு விழுந்தது. கொக்கு போய்க் கட்டிலில் உட்கார்ந்தான்.

அறைத்தோழன் டைலர் மட்டும் வரலாறு படிப்பவன். மாலையில் துணி திருத்தும் கடையில் வேலை. அவன் கொக்கை எழுப்பிவிட்டு, அடியிலிருந்த வெள்ளை விரிப்பை உருவிக்கொண்டு கடைக்கு ஓடினான். அதைக் கோட்டாகத் தைத்துக்கொண்டு திரும்பினான், பட்டன் இல்லை. வரிசையில் ஆளுக்கொரு பட்டனைத் தங்கள் சட்டையிலிருந்து பிய்த்துக் கொடுத்தார்கள்.

“கழுத்துப் பட்டன எடுத்துக்கடா, வயித்துல கை வைக்காத” என்றார் எதிரறை அண்ணன்.

கொக்கு மாட்டிய பிறகுதான் முதுகைப் பார்த்தோம். நீல மையில் ‘விடுதிச் சொத்து’ என்ற முத்திரை.

கூடத்தில் கொக்கு சுவரை ஒட்டி நண்டு மாதிரி நகர்ந்தான். தேர்வு நடத்திய மேடம் வரும்போதெல்லாம் எங்களில் ஒருவன் அவன் முதுகுக்குக் காவல் நின்றான். கடைசியில் தராசுக்காக அவன் நடு மேசைக்குப் போக வேண்டி வந்தது. மேடம் பின்னால் வந்து நின்றார். முத்திரையைப் படித்தார். பட்டன்களைப் பார்த்தார். பிறகு ஒவ்வொருவராக எங்கள் சட்டைகளைப் பார்த்தார்.

“ஆசிட் படாமப் பாத்துக்கோ. திருப்பிக் குடுக்கணும்ல” என்றார்.

இருவரும் தேறினோம். கொக்கு இப்போது மருந்துத் தொழிற்சாலையில் இருக்கிறான். அங்கே கோட் அவர்களே தருகிறார்கள். டைலர் வரலாற்று ஆசிரியர். மேடம் ஓய்வு பெற்றுவிட்டார். அண்ணன் எங்கே என்று தெரியவில்லை. கோட் மறுபடி விரிப்பானது; படிப்பு முடியும்வரை அதன் ஒட்டுகள் மேல்தான் கொக்கு தூங்கினான். பட்டனை யாரும் திருப்பிக் கேட்கவில்லை.